காய்ச்சலுக்குப் பயந்து ஏறிய மலை

கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் முதல்முறை இறங்குகிறவர் கொஞ்சம் ஏமாந்துதான் போவார். பெயர்ப்பலகையில் கொடைக்கானல் இருக்கும், காற்றில் இருக்காது. ஸ்டேஷன் இருக்கும் அம்மையநாயக்கனூரின் வெயில் முகத்தில் அடிக்கும். மலையூருக்கு இன்னும் 80 கிலோமீட்டர் போயாக வேண்டும். ஸ்வெட்டரைத் தோளில் போட்டபடி இறங்குகிறவர்கள் அதை மெல்லப் பைக்குள் திணிப்பதை எந்த மே மாதத்திலும் அங்கே பார்க்கலாம்.

அப்படியொரு மே மாதத்தில்தான் என் பெரியம்மா மகள் குடும்பத்தோடு லீவுக்குத் திருநெல்வேலி வந்திருந்தாள். அவளும் அத்தானும் ஜார்க்கண்டில், ராஜ்மகால் மலைக் கிராமங்களில் மிஷனெரிகளாக இருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் இங்கே டோனாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் நால்வரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். அவர்களை நன்றாகக் கவனித்து அனுப்ப வேண்டும் என்ற ஆசையில், “கொடைக்கானலுக்கு ஒரு நாலு நாள் போயிட்டு வருவோமாக்கா?” என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டாள்.

“ஏலே, நானே மலையிலருந்துதான் இறங்கி வாரேன். இன்னொரு மலையில கொண்டு ஏத்தப் போறியா? எனக்கு இந்தத் திண்ணையும் வேப்பங்காத்தும் போதும்டே.”

மிஷனெரிகளுக்காகவே உருவான ஊர் கொடைக்கானல் என்று படித்திருந்த எனக்கு அந்தப் பதில் புதிதாக இருந்தது. ஒரு மிஷனெரி குடும்பம் கொடைக்கானல் வேண்டாம் என்கிறது! அதன் பிறகுதான் அன்றைய ஓய்வையும் இன்றைய ஓய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

சிறுமலை கைவிட்டது

அமெரிக்க மிஷனெரிகள் யாழ்ப்பாணத்தில் 1816 முதலே இருந்தார்கள். அங்கிருந்து கடல் தாண்டி 1834-இல் மதுரைக்கு வந்தவர்கள் தொடங்கியதுதான் அமெரிக்கன் மதுரை மிஷன். பாஸ்டனில் பாய்மரக் கப்பல் ஏறினால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்து சேர நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். சூயஸ் கால்வாய் திறந்தது 1869-இல்தான். வந்தவர்கள் ஊருக்குத் திரும்புவோம் என்ற எண்ணத்தோடு வந்தவர்கள் அல்ல. ஆனால் இத்தனை சீக்கிரம் கல்லறைக்குப் போவோம் என்றும் நினைத்திருக்க மாட்டார்கள். வாந்திபேதியும் குளிர்காய்ச்சலும் முதல் பத்து ஆண்டுகளுக்குள்ளேயே அந்தக் குடும்பங்களில் பலரைக் கொண்டுபோயின.

காய்ச்சல் எதனால் வருகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று, சதுப்பின் ஆவி, ராத்திரிப் பனி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அனாஃபிலஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்டில். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மதுரை மிஷன்காரர்களுக்கு அனுபவத்தில் ஒன்று மட்டும் பிடிபட்டிருந்தது: மேலே போனால் பிழைக்கலாம்.

முதலில் பக்கத்தில் இருந்த சிறுமலையைத்தான் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் வந்தது, உயரம் போதவில்லை. பிறகு பழனி மலைத்தொடரின் மேல்பகுதிக்குப் போனார்கள். 1821-இல் லெஃப்டினன்ட் வார்டு என்ற நில அளவை அதிகாரி அளந்துவிட்டுப் போன இடம் அது; ஏறக்குறைய 7,000 அடி உயரம். அங்கே 1845-இல் இரண்டு பங்களாக்களைக் கட்டி முடித்தார்கள். ஒன்றின் பெயர் சன்னிசைட், மற்றது ஷெல்டன். கொடைக்கானல் என்ற கோடைவாசஸ்தலம் அந்த இரண்டு வீடுகளிலிருந்து தொடங்குகிறது. அன்றைக்கு அவற்றை யாரும் உல்லாச விடுதி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் அவர்கள் சொன்ன சானட்டோரியம் என்ற சொல்லுக்கு நோய் தேற்றும் இடம் என்று பொருள். ஏரிகூடப் பின்னால் வந்ததுதான். மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்துக் கரை கட்டிய பிறகே கொடைக்கானலுக்கு ஏரி வந்தது.

நான்கு தோள்களின் மேல்

அந்த மலைக்கு எப்படிப் போனார்கள்? திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875-இல் ரயில் வந்த பிறகு, அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்குவார்கள். அங்கிருந்து மாட்டு வண்டி. வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தை போட்டு, பிள்ளைகளைப் படுக்க வைத்து ராத்திரி முழுக்க உருட்டிக்கொண்டு போனால், பெரியகுளத்துப் பக்கம் மலையடிவாரத்தில் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு. பயணத்தின் ஆபத்தான இடமே அதுதான். மலையடிவாரக் காடு காய்ச்சல் காடு. சீக்கிரம் மேலே ஏறிவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருக்கும்.

தோப்பிலிருந்து மேலே சுமார் 12 மைல் குதிரைப் பாதை. ஆண்கள் நடந்தார்கள் அல்லது மட்டக் குதிரையில் ஏறினார்கள். துரைசாணிகளும் கைக்குழந்தைகளும் டோலியில். ஒரு நாற்காலியை இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே கட்டி, முன்னால் இருவர், பின்னால் இருவர் தோள் கொடுத்துத் தூக்குவது. மாற்றுத் தோளுக்கு இன்னொரு கூட்டம் பக்கத்திலேயே நடந்து வரும். தூக்குகிறவர்களில் முன்னால் போகிறவர் பாதையில் கல், பள்ளம், வேர் என்று குரல் கொடுத்துக்கொண்டே போக, பின்னால் இருப்பவர் கண்ணால் பார்க்காமல் அந்தக் குரலை நம்பிக் கால் வைப்பார். மூன்று மாதத்துக்கு வேண்டிய சாமான், டிரங்குப் பெட்டி, பாத்திரம், படுக்கை எல்லாம் வேறு தலைகளில். ஒரு குடும்பம் ஓய்வெடுக்க முப்பது நாற்பது பேர் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மிஷன் குறிப்புகளில் மலையேறிய குடும்பத்தின் பெயர் இருக்கும். தோள் கொடுத்தவர்கள் எண்ணிக்கையாகவும் கூலிக் கணக்காகவும்தான் வருவார்கள். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஏறிப் போக எந்த மலையிலும் பங்களா இல்லை.

மோட்டார் போகும் மலைப்பாதை 1910-களின் நடுவில் திறந்தது. அதன் பிறகு டோலி மெல்ல மறைந்தது. ஒரு நாள் ஏற்றம் சில மணி நேரமாகச் சுருங்கியது.

சீசன் என்ற மூன்று மாதம்

ஏப்ரலில் ஏறினால் ஜூனில் இறங்குவது. இதற்குப் பெயர் ‘சீசன்’. கீழே மதுரையிலும் ஆற்காட்டிலும் ஆண்டு முழுவதும் தனித்தனி ஊர்களில் ஒற்றை வெள்ளைக்காரக் குடும்பமாக இருந்தவர்கள், தங்கள் மொழியைத் தங்கள் வயதினரோடு பேசக் கிடைத்த மாதங்கள் அவை. பல சபைகளைச் சேர்ந்தவர்கள் ஒன்றுகூடி 1890-இல் கொடைக்கானல் மிஷனெரி யூனியன் என்று ஒரு சங்கம் வைத்தார்கள். வேத ஆராய்ச்சிக் கூட்டம், டென்னிஸ், வாசகசாலை, மலைநடை எல்லாம் அதன் நிழலில் நடந்தன. வேலூர் மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மாவுக்குக் கொடைக்கானல் டென்னிஸ் என்றால் உயிர். ஓய்வு பெற்ற பிறகு அங்கேயே ‘ஹில்டாப்’ என்ற தம் வீட்டில் வாழ்ந்து, 1960 மே 24 அன்று, சரியாக சீசன் நடுவில், அங்கேயே கண் மூடினார்.

கால்டுவெல் ஐயர் கதையும் அங்கேதான் முடிகிறது. 1838-இல் சென்னையில் இறங்கியவர் இடையன்குடித் தேரியில் அரை நூற்றாண்டு உழைத்தார். 1891 தொடக்கத்தில் பொறுப்புகளை விட்டுவிட்டுக் கொடைக்கானலில் தங்கினார். அந்த ஆகஸ்ட் 28-இல் இறந்தார். உடலைக் கீழே இறக்கி இடையன்குடி ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். குளிர்ந்த மலையில் ஓய்வெடுக்கப் போனவரைச் செம்மண் தேரி திரும்ப வாங்கிக்கொண்டது. இதே மனிதர் நடுவில் உடல்நலம் கெட்டு இங்கிலாந்துக்கு விடுப்பில் போனபோதுதான் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் லண்டனில் அச்சாகி வெளிவந்தது. ஓய்வு என்று போன இடத்திலும் அவர் வேலை பார்த்திருக்கிறார்; அந்த வேலையைப் பற்றித்தான் நாம் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஓய்வு எல்லோரையும் காப்பாற்றவில்லை. ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் டாக்டர். தமக்கே வைத்தியமாகக் கடற்பயணம் போய், 1855-இல் தென்னாப்பிரிக்காவில் இறந்தார். இன்னொரு பக்கம் எமி கார்மைக்கேல் அம்மா. 1895-இல் இந்தியா வந்தவர், 1951-இல் டோனாவூரில் இறக்கும்வரை தாய்நாட்டுக்கு ஒருமுறைகூட விடுப்பில் போகவே இல்லை. ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை ‘ஃபர்லோ’ எடுத்து ஊருக்குப் போய் வருவது வழக்கமாகிவிட்ட காலத்தில் அது அபூர்வம். அவரும்கூட டோனாவூருக்கு மேலே மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் தம் பிள்ளைகளை அழைத்துப் போகக் குளிர்ந்த இடமொன்றை வைத்திருந்தார்.

மலை தந்த பெரிய ஆறுதல் குளிர் அல்ல, பிள்ளைகள் என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகள் பள்ளி வயதை எட்டியதும் அமெரிக்காவில் உறவினர் வீட்டுக்குக் கப்பலேற்றி விடுவதுதான் பழைய நடைமுறை. துறைமுகத்தில் ஆறு வயதில் வழியனுப்பிய பிள்ளையை மீசை முளைத்த பிறகு பார்த்த தாய்மார்கள் உண்டு. இதற்கு ஒரு முடிவாக 1901-இல் மார்கரெட் எடி என்ற அம்மையார் கொடைக்கானலில் ஹைகிளர்க் என்ற பழைய ஓட்டல் கட்டடத்தில் 13 பிள்ளைகளோடு ஒரு பள்ளி தொடங்கினார். மகன் ஷெர்வுட் எடியைப் பார்க்க இந்தியா வந்தவர் அவர். பள்ளி வந்ததும் சீசனுக்கு ஒரு புது ஒழுங்கு வந்தது. தாய்மார்கள் ஏப்ரலில் ஏறி வந்து வீடெடுப்பார்கள். பிள்ளைகள் விடுதியை விட்டு வந்து அம்மாவோடு தங்கிப் பள்ளிக்குப் போவார்கள். ஜூனில் மழை தொடங்கியதும் அம்மா கீழே இறங்குவாள். பிள்ளை விடுதிக்குத் திரும்பும்.

இரண்டு வருட இடைவெளி

அந்த ஷெர்வுட் எடிக்கு ஒரு நெருங்கிய நண்பர் இருந்தார். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. இருவரும் ஒய்.எம்.சி.ஏ.வில் சேர்ந்து ஊர் ஊராகப் போனவர்கள். அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு போட்டு வெளியிடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அது ஆள் அனுப்பிய முதல் இடம் இன்றைய தெலங்கானாவில் இருக்கும் டோர்னக்கல் பகுதி.

எடியின் தாய் வருகிறவர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளி வைத்தது 1901. எடியின் நண்பர் இங்கிருந்து போகிறவர்களுக்காகச் சங்கம் வைத்தது 1903. இரண்டுக்கும் நடுவே இரண்டே வருடம். அன்று இவற்றைச் சேர்த்துப் பார்த்தவர் யாரேனும் இருந்தார்களோ என்னவோ, இன்று பார்த்தால் ஆற்றின் ஓட்டம் திரும்பிய இடம் அதுதான் என்று தெரிகிறது. அதே அசரியா 1910-இல் எடின்பரோ மாநாட்டில் எழுந்து நின்று, நீங்கள் எங்களுக்காக எத்தனையோ தியாகம் செய்கிறீர்கள், எங்களோடு நட்பாயிருக்கவும் செய்யுங்கள் என்ற பொருளில் பேசினார். அரங்கில் இருந்தவர்களுக்கு அது உறைத்தது. மூன்று மாதம் தங்களுக்குள்ளேயே கூடிக் களித்த மலையூர்ப் பழக்கத்துக்கும் அந்தப் பேச்சு பொருந்தும்.

இன்று ஏறுகிறவர்கள்

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை அமைந்தது. சபைகளின் நிர்வாகம் இந்தியர் கைக்கு வந்தது. அதன் பிறகு வெளிநாட்டு மிஷனெரிகளுக்கு விசா இறுகியது. வயதானவர்கள் ஊர் திரும்பினார்கள், புதியவர்கள் வரவில்லை. டிடிடியும் குளோரோகுவினும் ஃபிரிட்ஜும் மின்விசிறியும் வந்தபின் மலைக்கு ஓடிப் பிழைக்க வேண்டிய தேவையும் குறைந்தது. ஹைகிளர்க் பள்ளி இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தை 1976-இல் கொண்டுவந்த பள்ளி அது. படிப்பவர்கள் பல நாட்டுப் பிள்ளைகள். மிஷனெரி பிள்ளைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஊர் நம் கைக்கு வந்தது, வந்த வேகத்தில் நிரம்பியும் விட்டது. பிழைப்பதற்கு ஏறிய மலைக்கு இன்று படம் எடுத்துக்கொள்ள ஏறுகிறோம். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகள் இ-பாஸ் இல்லாமல் மேலே போக முடியாது. மறு வருடக் கோடையில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. இரண்டு பங்களாவோடு தொடங்கிய ஊர்! சென்ற வருடம் நான் போனபோது ஏரிக்கரையில் கார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. தள்ளுவண்டியில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தவரிடம், “சீசன் எப்படிண்ணே?” என்று கேட்டேன். “ஜனம் வருது தம்பி, நிக்க மாட்டேங்குது. காலையில வந்து சாயந்திரம் இறங்கிருதாங்க” என்றார். மூன்று மாத சீசன் ஒரு நாளாகிவிட்டது.

அக்காவின் சீசன்

அக்காவின் ஊழியத்தளம் இருக்கும் ராஜ்மகால் மலை பெரும்பாலும் 600 மீட்டருக்கும் குறைவான உயரம். கொசு சௌகரியமாக வாழும் உயரம். மால்தோ மக்கள் வாழும் அந்தக் கிராமங்களில் மலேரியாவும், மணல் ஈ பரப்பும் காலா அசாரும் பழைய பகையாளிகள். அக்கா நான்கு முறை மலேரியாவில் விழுந்து எழுந்தவள். அத்தானுக்கு ஒருமுறை மூளை வரை போய்த் திரும்பியது. அங்கே மலை காய்ச்சலின் வீடு. பிழைக்க வேண்டுமானால் கீழே இறங்கி வர வேண்டும். 1845-இல் மதுரை மிஷன்காரர்கள் செய்த கணக்கின் தலைகீழ்.

அவள் ஓய்வெடுக்கும் விதத்தையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதல் நான்கு நாள் தூங்கினாள். சும்மா தூக்கமில்லை, சாப்பாட்டுக்கு எழுப்பினாலும் தட்டின் முன் உட்கார்ந்தபடி கண் சொருகும் தூக்கம். ஐந்தாம் நாள் பெரியம்மா வைத்த அயிலை மீன் குழம்பைச் சோற்றில் பிசையாமல், விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அங்க கடுகெண்ணெயிலதான் எல்லாம். பழகிட்டு. ஆனாலும் இது இதுதான்” என்றாள். மகள் விடுதியிலிருந்து கொண்டுவந்த துணிகளை எல்லாம் பிரித்து, ஒவ்வொன்றையும் அவள் மேல் வைத்து அளந்து பார்த்தாள். போன மே மாதம் தைத்த பாவாடை நான்கு விரல் குட்டை. மடித்துத் தைத்திருந்த ஓரத்தைப் பிரித்துவிட்டு ஊசி கோத்தாள். எழுதி வைக்காமல் பிள்ளை வளர்ந்த கணக்கு அந்த நான்கு விரலில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வு கிடையாது. சபை சபையாகப் போய்த் தளத்தின் நிலைமையைச் சொல்ல வேண்டும். அவர்களைத் தாங்குவது கடல் கடந்த பணமில்லை, மாதம் ஐம்பதும் நூறுமாக உண்டியலில் போடும் பீடி சுற்றும் பெண்களும் ஓய்வுபெற்ற வாத்தியார்களும்தான். அவர்கள் முன் நின்று பேசாமல் போக முடியுமா? லண்டனில் கால்டுவெல் ஐயர் விடுப்பிலும் உழைத்த கதை எனக்கு ஞாபகம் வந்தது.

சந்தோஷ வித்யாலயா என்ற பள்ளி, வடக்கே ஊழியத்தில் இருக்கும் தமிழ் மிஷனெரிகளின் பிள்ளைகளுக்காக டோனாவூரில் நடக்கிறது. 1901-இல் 13 பிள்ளைகளோடு கொடைக்கானலில் தீர்க்கப் பார்த்த அதே வலிக்கு இங்கேயும் அதே மருந்து. மாறாதது ஜூன் மாதம்தான். அன்று அம்மா மலையிறங்க, பிள்ளை விடுதிக்குப் போனது. இன்று பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு அம்மா ரயிலேறுகிறாள்.

டோனாவூருக்கு நானும் போயிருந்தேன். விடுதி வாசலில் சின்னவன் அழவில்லை. “அடுத்த மேக்கு எத்தன நாள்?” என்று மட்டும் கேட்டான். அத்தான் தேதியை எண்ணத் தொடங்க, அக்கா அவர் கையைத் தட்டிவிட்டு, “கிறிஸ்மஸ் முதல்ல வரும்லா, அத எண்ணு” என்றாள். கிறிஸ்மஸுக்கு அவர்கள் வரமாட்டார்கள், போனில் பேசுவார்கள். அவனுக்கும் தெரியும். ஆனால் எண்ணுவதற்குச் சின்ன எண் கிடைத்துவிட்டது.

அன்றிரவு திருநெல்வேலி ஜங்ஷன். இரண்டு பெட்டி, ஒரு சாக்கு. சாக்கில் மிளகாய்வற்றல், கருப்பட்டி, பெரியம்மா கிண்டிய புளிக்காய்ச்சல், புதுக் கொசுவலை. சென்னையில் இறங்கி ஹவுரா ரயிலைப் பிடித்து, அங்கிருந்து இன்னொரு ரயில், பிறகு ஜீப், கடைசியில் நடை. டோலி தூக்க யாரும் இல்லை. அவர்கள் தேடவும் மாட்டார்கள். சாக்கை அத்தானே தலையில் வைத்துக்கொள்வார்.

ரயில் நகர்ந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் போனில் அக்காவின் செய்தி வந்தது.

“கொடை ரோடு தாண்டுது. இங்க குளிரவே இல்லியேடே!”